மொட்டைப் பேச்சு

பதினேழு வருடமாக அடுத்தவர் காதைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள், காது விஷயத்திலேயே கோட்டை விட்டாள் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆகவேண்டும். ஒரு வாடகை வேனின் பின்சீட்டில், கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது அது நடந்தது.

அக்காக்காரிக்கு வேலை ஒரு காது ஆஸ்பத்திரியில். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய சின்ன அறை, நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய நோயாளி, இந்தப் பக்கம் இவள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து, கேட்காவிட்டால் சும்மா இரு, அவ்வளவுதான் சோதனை. கேட்டுக்கொண்டே கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிற ஆட்களும் வருவார்கள். இவளிடம் அந்தப் பருப்பெல்லாம் வேகாது. கண்ணிமை லேசாகத் துடிப்பதை வைத்தே பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள்.

இந்தச் சுற்றுலாவே அவள் போட்ட திட்டம்தான். தங்கைக்காரி மாதக் கடைசியில் கடல் கடந்து போகிறாள். புருஷன் முன்னாலேயே போய் வேலையில் சேர்ந்துவிட்டான். போவதற்குள் ஒரே ஒரு விஷயத்தை முடித்துவிட்டுப் போகவேண்டும் என்று மூன்று மாதமாகப் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எந்த நேரத்தில் வாயைத் திறப்பாளோ என்று அக்காக்காரிக்கு ஒரே பயம். அதனால் மலைக்குப் போவோம், எல்லாரும் ஒன்றாக இருப்போம் என்று அவளே கிளப்பிவிட்டாள். புருஷன் பக்கத்தில், டிரைவர் முன்னால், போகிற இடமெல்லாம் கூட்டம். நாலு பேர் நடுவில் எவள் வாயைத் திறப்பாள் என்பது அவள் கணக்கு.

விஷயம் இதுதான். பதின்மூன்று வயது மிளகு அக்காக்காரி வயிற்றில் பிறந்தவள் இல்லை. பெற்றவள் தங்கைக்காரி. மிளகு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஆள் சின்னது, வாய் காரம். இந்த உண்மை தெரிந்தவர்கள் குடும்பத்தில் நாலே பேர். அக்காக்காரி, அவள் புருஷன், தங்கைக்காரி, தங்கைக்காரியைக் கட்டியவன். மிளகுக்குத் தெரியாது. அவளுக்கு அக்காக்காரி அம்மா, தங்கைக்காரி வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிற சித்தி.

மலை ஏறத் தொடங்கியதும் மிளகுக்குத் தலை சுற்றியது. நடுச்சீட்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கச் சொன்னாள் அக்காக்காரி. காது அடைக்கும், அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாக ஊது, படாரென்று விட்டுவிடும் என்று சொல்லிக்கொடுத்தாள். மிளகு இரண்டு முறை ஊதிப் பார்த்துவிட்டு, விட்டுடுச்சும்மா என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடினாள். சொல்லிக்கொடுத்தவளுக்கோ ஜலதோஷம். எத்தனை ஊதியும் காது விடவில்லை. தங்கைக்காரி ஊதவே இல்லை. அவளுக்கு வேறு கவலை.

நாலாவது வளைவில் தங்கைக்காரி ஏதோ சொன்னாள். கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. என்னது என்றாள் இவள். அவள் திரும்பச் சொன்னாள். சத்தமாச் சொல்லு என்று இவள் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. இப்படி இவள் கொஞ்சம் ஏற்ற, அவள் கொஞ்சம் ஏற்ற, பத்தாவது வளைவில் இருவரும் சந்தைக்கடையில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதுக்கோ அது குசுகுசுப்பு. பக்கத்தில் இருக்கிற எனக்கே இவ்வளவுதான் கேட்கிறது, முன்னால் தூங்குகிற பிள்ளைக்கு என்ன கேட்கப்போகிறது என்று அக்காக்காரி நினைத்தாள். தன் காதை வைத்து அடுத்தவர் காதை அளக்கக் கூடாது என்பது அந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். பயத்தில் அது மறந்துபோயிற்று.

"நான் அவளைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போகப் போறதில்லக்கா. பெத்தவ நான்னு அவளுக்குத் தெரியணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"பதிமூணு வருஷமா சித்தி சித்தின்னு கூப்பிடறா. ஒவ்வொரு தடவையும் எனக்கு எப்படி இருக்கும்னு நீ ஒரு நாளாவது நினைச்சுப் பார்த்தியா?"

"நீ பெத்த, நான் வளர்த்தேன். அவளுக்கு அம்மா நான்தான். இதைப் பத்தி இனிமே நீ வாயைத் திறக்கக் கூடாது."

அப்போது முன்சீட்டிலிருந்த அவள் புருஷன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். பிறகு திரும்பி, உள்ளங்கையைக் கீழே கீழே என்று இரண்டு முறை அமுக்கிக் காட்டினார். கண்ணை வேறு உருட்டினார். பள்ளத்தில் ஒரு அருவி வெள்ளையாகத் தெரிந்தது. அதைத்தான் பார்க்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, பார்த்தாச்சு, பார்த்தாச்சு என்று கையசைத்தாள் அக்காக்காரி. மனுஷன் பெருமூச்சு விட்டுத் திரும்பிக்கொண்டார்.

லாட்ஜில் இரண்டு அறை எடுத்திருந்தார்கள். ஜன்னல் ஒன்று சரியாக மூடவில்லை, இடுக்கில் யாரோ பழைய பேப்பரை மடித்துத் திணித்திருந்தார்கள். கம்பளியில் முந்தின ஆட்களின் தைல வாடை. வெந்நீர் வர இருபது நிமிடம் ஆகும் என்று ரூம் பையன் சொல்லிவிட்டுப் போனான், நாற்பது ஆயிற்று. அக்காக்காரிக்குக் காது விட்டது அப்போதுதான். டக்கென்று உலகம் திரும்பி வந்தது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்கூட எரிச்சலாக இருந்தது.

"டவல் எங்க இருக்கு?" என்று கேட்டாள் மிளகு.

எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியிருக்கவேண்டும். மிளகுக்கு வாய்க்கு வாய் அம்மா. ஒரே வாக்கியத்தில் இரண்டு அம்மா போடுகிற பெண் அவள். அம்மா, என் சாக்ஸ் எங்கம்மா. அம்மா, இங்க பாரேம்மா. ஒரு நாளைக்கு எத்தனை தடவைடி கூப்பிடுவே, காது வலிக்குது என்று இவளே திட்டியிருக்கிறாள். அந்தப் பெண் அன்று மாலை முழுக்க மொட்டையாகப் பேசினாள். பசிக்குது. குளிருது. லைட்டை அணைக்கலாமா. யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்றே தெரியாது. பயணக் களைப்பு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அக்காக்காரி போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாளும் சரியாகவில்லை. ஏரிக்குப் போனார்கள், மிதிபடகில் சுற்றினார்கள். மாமா, நீங்க மிதிக்கிறது படகுக்கே தெரியலை என்று தங்கைக்காரி கேலி செய்தாள். மிளகு சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி நீட்டிய வேர்க்கடலையை வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை. சித்தி என்றும் கூப்பிடவில்லை. அந்த வாயில் இரண்டு சொற்களும் ஒரே நாளில் தொலைந்துபோயிருந்தன.

கரையில் ஒரு போட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் பிரேம் போட்டுக் கையில் தருகிறேன் என்று வரிசையாக நிற்கவைத்தார். ஒரு ஓரத்தில் அக்காக்காரி, மறு ஓரத்தில் தங்கைக்காரி, நடுவில் அப்பா. மிளகு மட்டும் தனியாக முன்னால் நின்றாள்.

"பாப்பா, அம்மா பக்கத்துல போய் நில்லு" என்றார் போட்டோக்காரர்.

மிளகு நகரவில்லை. இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிமை லேசாகத் துடித்தது. போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தார். பின்னால் காத்திருந்த குடும்பமும் பார்த்தது. மிளகின் அப்பா இரண்டு எட்டு முன்னால் வந்து அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். படம் எடுத்தாயிற்று.

அக்காக்காரி கவனித்துவிட்டாள். அந்த இமைத் துடிப்பை அவள் ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறாள். கேட்டிருக்கிறது. கேட்டும் பட்டனை அழுத்தாமல் உட்கார்ந்திருக்கிறது பெண்.

இருந்தாலும் மனசு இருக்கிறதே, அது லேசில் ஒத்துக்கொள்ளாது. டீக்கடை பெஞ்சில் தன் டம்ளரை மிளகிடம் நீட்டினாள். சூடா இருக்கு, ஒரு வாய் குடி என்றாள். எப்போதும் அவள் டம்ளரில் பாதியைப் பிடுங்கிக் குடிப்பதுதான் மிளகின் வழக்கம்.

"எனக்கு வேண்டாம். நீங்க குடிங்க."

நீங்க. அக்காக்காரி டம்ளரை நீட்டியபடியே இருந்தாள். அந்த வீட்டில் அம்மாவுக்கு நீதான், அப்பாவுக்கும் நீதான். வாத்தியாருக்கு நீங்க, டாக்டருக்கு நீங்க, எப்போதாவது வருகிற சித்திக்கு நீங்க. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மரியாதை கொடுத்துவிட்டது பிள்ளை.

சாயங்காலம் லாட்ஜ் வராந்தாவில் புருஷனைப் பிடித்தாள். அவர் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஓட்டுகிறவர். அளந்து பேசுகிற மனுஷன், அதுவும் கேட்டால்தான்.

"ஏங்க, வண்டியில நாங்க பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எவ்வளவு?"

"எல்லாம்தான். டிரைவருக்கும் கேட்டுச்சு. நான்தான் கையைக் காட்டினேனே. நீ அருவியைப் பார்த்தே."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவர் மேல் பாய்ந்தாள். பிள்ளை தூங்குகிறாள் என்று நானும்தான் நினைத்தேன், இன்று போட்டோவின்போதுதான் எனக்கும் உறைத்தது என்றார் அவர். பிறகு, யாரும் கேட்காமலே அவராகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று சொல்லலாம், "அவளா வந்து கேக்கறதுக்கு முன்னாடி நீ போய்ச் சொல்லிடு" என்றார். "எப்பவும்போல பாதியை மட்டும் சொல்லாத."

பாதி என்றால் எந்தப் பாதி என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மலை விளிம்புக்குப் போனார்கள். ஊர் முழுக்கப் பார்க்கலாம் என்று போர்டு இருந்தது. பார்த்தால் ஒரே பனி. இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர்தான். தொலைநோக்கி வைத்திருக்கிறவர் அதைத் தார்ப்பாயால் மூடிவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அக்காக்காரி மற்ற இருவரையும் டீக்கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மிளகை மட்டும் கூட்டிக்கொண்டு கம்பியோரம் வந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். மிளகுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"என்னை அவங்க வேண்டாம்னு சொன்னாங்களா?"

பார்த்தீர்களா, எங்கே வந்து நின்றது கேள்வி. யார் பெற்றது, எப்போது, ஏன் மறைத்தீர்கள் என்று ஆயிரம் கேள்விக்கு அக்காக்காரி ராத்திரி முழுக்கப் பதில் தயார் செய்திருந்தாள். இதற்குச் செய்யவில்லை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சித்திக்கு அப்போது இருபது வயது, ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள், ஏமாற்றியவன் ஓடிவிட்டான், உன்னை வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். இதில் முக்கால்வாசி உண்மைதான். இந்தக் கதையைத்தான் அவள் தனக்குத்தானே பதின்மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லிவிட்டால் மிளகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டாள். மாதக் கடைசியில் தங்கைக்காரி விமானம் ஏறிவிடுவாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த ஆமாம்.

மிளகு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. பிறந்த பதினோராம் நாள் பார்த்த அதே மூக்கு. அக்காக்காரி அந்த ஆமாமை விழுங்கிவிட்டாள்.

"இல்ல" என்றாள். "அவ வேண்டாம்னு சொல்லல. பதினொரு நாள் உன்னைத் தன்கூடவே வச்சிருந்தா. சிநேகிதியோட ரூம்ல, யாருக்கும் தெரியாம. அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. எனக்குப் போன் பண்ணி, ஒரு மாசம் வந்து கூட இருக்கான்னு கேட்டா. அவ கேட்டது அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"நான் வந்தேன். உன்னைப் பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்ல. உன்னைத் தூக்கினதும் கீழ வைக்க மனசு வரல. நீ படி, இதை நான் வளர்க்கறேன்னு அவகிட்டச் சொன்னேன். கேக்கல, சொன்னேன். அவ காய்ச்சல்ல படுத்திருந்தா. எழுந்து உக்காரக்கூட அவளால முடியல. ஒரு வாரம் பொறுத்துக் கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பா. அது எனக்குத் தெரியும். அதனாலதான் அன்னைக்கே பஸ் ஏறிட்டேன்."

சொல்லி முடித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இதை அவள் புருஷனிடம்கூட இப்படி முழுசாகச் சொன்னதில்லை. அவராகப் புரிந்துகொண்டிருந்தார்.

மிளகு அழுவாள் என்று எதிர்பார்த்தாள், அழவில்லை. கத்துவாள் என்று பயந்தாள், கத்தவும் இல்லை. பள்ளத்தில் எங்கேயோ ஒரு லாரி முக்கிமுனகி ஏறுகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றாள் கடைசியில். திரும்பி நடந்துபோய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்காக்காரி டீக்கடைக்கு வந்தாள். தங்கைக்காரி எழுந்து நின்றாள். அவள் கேட்பதற்குள் இவளே சொன்னாள். "சொல்லிட்டேன். நான் உன்னைக் கேக்காமத் தூக்கிட்டுப் போனதையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

தங்கைக்காரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கடைக்காரர் என்ன ஏது என்று தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பதின்மூன்று வருடம் அக்கா செய்தது உபகாரம் உபகாரம் என்று அக்கா வாயாலேயே கேட்டுக் கேட்டு, ஒருவேளை அப்படித்தானோ என்று தானும் நம்பத் தொடங்கியிருந்தவள் அவள். அக்காக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிச்சுடு என்ற வார்த்தை வாயில் வந்தது. அது ரொம்பச் சின்னதாக இருந்தது, ஆனாலும் சொன்னாள்.

மலை இறங்கும்போது மிளகு தானாகவே பின்சீட்டுக்குப் போய்ச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்காக்காரிக்கு நடுச்சீட்டு. மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவளும் பைகளும்தான். பின்னால் இருவரும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான் இருக்கும். மிளகு கேட்பதும் தங்கைக்காரி பதில் சொல்வதும், நடுவில் ஒருமுறை இருவரும் லேசாகச் சிரிப்பதும் தெரிந்தது. என்ன பேச்சு என்று காதைத் தீட்டிக்கொள்ள ஆசைதான். கூடாது என்று டிரைவரிடம் பாட்டுப் போடச் சொன்னாள்.

அடிவாரத்தில் பஸ் நிலையம். தங்கைக்காரி அங்கே இறங்கிப் பஸ் பிடிக்கவேண்டும். அவள் ஊர் அந்தப் பக்கம். இறங்கினாள். பின்னாலேயே மிளகும் இறங்கினாள். முதுகில் பை மாட்டியிருந்தாள், கையில் செருப்பு வைத்த கவர்.

அக்காக்காரி அவள் பையையே பார்த்தாள். அப்பாவும் முன்சீட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"இவங்க வீட்டுல பதினொரு நாள் இருக்கப் போறேன்" என்றாள் மிளகு. "கேட்டேன், சரின்னாங்க. ஸ்கூல் தொறக்க இன்னும் நாள் இருக்கு."

அக்காக்காரி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

"அதுக்கப்புறம்?" என்றாள்.

"அதுக்கப்புறம் நீ வா."

அக்காக்காரி நிமிர்ந்து பார்த்தாள். மிளகின் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"வந்து என்னைக் கேளு. அப்ப தூக்கிட்டுப் போன மாதிரி இப்பத் தூக்கிட்டுப் போக முடியாதுல்ல. என்கூட வர்றியான்னு கேளு. நான் யோசிச்சுச் சொல்றேன்."

"கேக்கறேன்" என்றாள் அக்காக்காரி.

மிளகு தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். தங்கைக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.